ரெண்டாவது அளவு

செல்போன் அலறியது.

"மேடம், நீங்க அளக்குற கிணத்துக்கிட்ட வாட்ச்மேன் செத்துக் கிடக்கிறார். உடனே வாங்க."

இன்ஸ்பெக்டர்!

நிலத்தடி நீர் அதிகாரி பதறிப்போய்க் கிளம்பினாள். கணவன் அந்த அவசரத்திலும் டிபன் கட்டிக் கையில் கொடுத்து, பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். சொந்தமாகத் தண்ணீர் லாரிகள் விட்டுத் தொழில் செய்பவன்.

கிணறு என்பது பேருக்குத்தான். கை நுழைகிற அகலத்தில் ஓர் இரும்புக் குழாய்... பூமிக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க மட்டும். மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கினால் தடை! பாட்டில் கம்பெனியிலிருந்து லாரிக்காரர்கள் வரை யாரும் அந்தப் பக்கம் தண்ணீர் உறிஞ்ச முடியாது.

வாட்ச்மேன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் குழாயின் இரும்பு மூடி.

"பாட்டில் கம்பெனிக்காரன் வேலையாத்தான் சார் இருக்கும்," என்றான் கணவன்.

அவள் அளவு நாடாவைக் குழாய்க்குள் இறக்கினாள். நுனி தண்ணீரைத் தொட்டது.

பீப்...

"மட்டம் ஏறியிருக்கு சார்."

"மழையே இல்லையே மேடம்?"

சற்றுப் பொறுத்து மறுபடி இறக்கினாள். இப்போது மட்டம் கீழே போயிருந்தது.

"எப்பவும் ரெண்டு தடவை அளப்பேன். யாரோ குழாய்ல தண்ணி ஊத்தியிருக்காங்க சார். களிமண்ணு, மெதுவாக் குடிச்சிட்டிருக்கு. ஊத்துனதை இவர் பார்த்துட்டார்."

"யாரு ஊத்தினது?"

அவள் நாடாவை மேலே இழுத்தாள்.

"நான் அளக்குற நாளாப் பார்த்து மட்டம் ஏறுதேன்னு கொஞ்ச நாளாவே சந்தேகம். அதான் ஆபீஸ்ல அடுத்த வாரம் அளக்கிறேன்னு சொல்லி வச்சேன். இன்னைக்குக் காலையிலன்னு... ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

'எப்பம்மா அளக்கப் போறே? டிபன் கட்டணும்ல...'

ஒவ்வொரு முறையும் கேட்பான். பாசம் என்று உருகியிருக்கிறாள், பைத்தியக்காரி. கொன்றுவிட்டு வந்து கட்டிய டிபன், அவள் தோள்பையில் இன்னும் சூடாக இருந்தது. அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"விடியக்காலையில டீசல் போடப் போனீங்களே... போட்டது டீசலா, தண்ணியா?"

கணவன் முகம் வெளுத்தது. பைக்கை நோக்கி நழுவியவன் தோளில் இன்ஸ்பெக்டரின் கை விழுந்தது.

"தடை வந்தா லாரியெல்லாம் போயிடும்டி... அந்தாளு கத்துனான், கையில மூடி இருந்துச்சு..." குரல் உடைந்தது. "கட்டின புருஷனையே சோதிச்சுப் பார்த்துட்டியே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடாவைச் சுற்றினாள்.

"கிணத்தையே ரெண்டு தடவை அளக்குறவ நான். புருஷனை ஒரு தடவையோட விட்டுடுவேனா?"