பயிலுநர் எண் நான்கு

காலை எட்டே முக்காலுக்கு மாப்பிள்ளை வீடு திரும்பினார். மற்ற நாட்களில் ஒரு மணி ஆகும்.

மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

“என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?”

“வேலை போயிடுச்சு அத்தை.”

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் குடிநீர் நிலையத்தில் வேலை. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எந்த வால்வை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பது அவள் கணவரின் தலையில்தான் இருந்தது. அறுபதில் ஓய்வு கொடுத்தார்கள். மறுநாளே திரும்பக் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாக ஆண்டுக்கொரு நீட்டிப்பு. அவரிடம் பழக அனுப்பிய மூன்று பேர் தாங்களாகவே நின்றுவிட்டார்கள். நான்காவது ஆள் மாப்பிள்ளை. முன்பு வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு ஒன்றரை வருடம் அலைந்தவர். மாமனார் சொல்லித்தான் உள்ளே எடுத்தார்கள். மகளுக்கு இது ஏழாம் மாதம்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் போகுமாம். இவன் தனியா பாப்பானா மாட்டானான்னு. மூணு தடவை இல்லைன்னு வந்தா அனுப்பிடணுமாம். கிளார்க் மூணையும் எடுத்துக் காட்டினார்.”

“எவன் எழுதினான்?”

அவர் மாமியாரைப் பார்த்தார். “கீழ மாமாவோட கிறுக்கல். மேல இருக்கறது பூரா அத்தை எழுத்து. கடைக்கு அனுப்பும்போதெல்லாம் சீட்டு எழுதிக் குடுக்கறீங்களே அத்தை, எனக்குத் தெரியாதா?”



கணவருக்கு இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது. வால்வைப் பிடித்தால் நடுக்கம் தெரியாது. பேனாவைப் பிடித்தால் தெரிந்துவிடும். நிலையத்துக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளை எழுதச் சொல்வார். அறிக்கையில் பெயர் கிடையாது, எண்தான். “நாலாம் நம்பர். தகுதி இல்லை,” என்பார். எழுதுவாள். மூன்றாம் முறை பேனா கொஞ்சம் நின்றது. “எழுது,” என்றார். எழுதினாள்.

கை நடுக்கத்தை வாய்விட்டுச் சொன்னால் கணவரின் வேலையும் போகும்.

“பேசும்மா,” என்றாள் மகள். “நீ எழுதினியா இல்லையா?”

“எழுதினேன்.”

“ஏன்?”

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

“அப்பா சம்பாதிக்கணும், இவரு உன் வீட்டுல கைகட்டி நிக்கணும். அதுதானே உனக்கு வேணும்? ஒரு வாய் சாப்பாடு போட்டுட்டு இன்னொரு பக்கம் இப்படி...”

“அப்படி இல்லடி.”

“வேற எப்படி? சொல்லு.”

 மகள் உள்ளே போய்ப் பையை இழுத்துத் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை தடுக்கவில்லை. எங்கே போவது என்று இருவருக்குமே தெரியாது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

சைக்கிள் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. கணவர் உள்ளே வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“அவமேல ஏன் பாயற? நான் சொன்னதை எழுதினா. நம்பர்தான் சொன்னேன். யாருன்னு அவளுக்குத் தெரியாது.”

“ஏன், நீங்களே எழுத வேண்டியதுதானே?” என்றாள் மகள்.

அம்மா கணவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினார். வெகு நேரம் ஆயிற்று. ஓரிடத்தில் தாள் கிழிந்தது.

“உன் பேருதான். படி.”

மகளால் படிக்க முடியவில்லை.

மாப்பிள்ளை இப்போதுதான் செருப்பைக் கழற்றினார். “அது இருக்கட்டும் மாமா. நான் வேலை கத்துக்கலையா? நீங்க பதினேழு சுத்துன்னா பதினாறரைதான்ங்கற வரைக்கும் கத்துக்கிட்டேனே.”

“தெரியும் மாப்பிள்ளை. தகுதி உண்டுன்னு போட்டா மறுநாளே என்னை அனுப்பிடுவாங்க. உங்களை நிரந்தரம் பண்ண ஒரு வருஷம் இழுப்பாங்க. இல்லைன்னு போட்டா ரெண்டு பேருமே உள்ள இருக்கலாம்னு நினைச்சேன். குழந்தை வரப்போற நேரம்... மூணாவதுல தள்ளிடுவாங்கன்னு எவனும் சொல்லல.”

 பிறகு அவரே, “வாங்க, போய்க் கேப்போம்,” என்றார். மாப்பிள்ளை சைக்கிளை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போனார்.

திரும்பி வரும்போது மணி மூன்று. அறிக்கையை மாற்ற முடியாதாம். மாற்றக் கேட்டு ஒரு கடிதமாவது எழுதுங்கள் என்று பொறியாளர் பேனாவை நீட்டியிருக்கிறார். கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து ஓய்வெடுங்கள் பெரியவரே என்றாராம்.

“இவருக்கு?” என்றாள் மகள்.

“புதுசா விளம்பரம் வரும், மனு போடுங்கன்னாங்க,” என்றார் மாப்பிள்ளை. “முப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். மாமாவுக்கும் வயசு ஜாஸ்தி, எனக்கும் வயசு ஜாஸ்தி.” சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவள் சோறு போட்டாள். இரண்டு வருடமாகக் கணவர் சமையலறையில் தனியாகத்தான் சாப்பிட்டுவந்தார். இன்று கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரைத் தூக்கியபோது தளும்பியது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

கை கழுவிவிட்டு அவளிடம் வந்தார். “காலையில பேசினதை மனசுல வச்சுக்காதீங்க அத்தை.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை.”

“இல்ல அத்தை. தெரியாம எழுதினதுக்கு உங்களை அந்தப் பேச்சு பேசிட்டோம்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் வந்து அவள் தோளில் சாய்ந்தாள். இருவரும் அழுதார்கள். வயிறு இடித்ததால் மகளைச் சரியாக அணைக்க முடியவில்லை.

பிறகு அறைக்குள் போய்ப் பையில் திணித்ததை எல்லாம் எடுத்து மடித்தார்கள். அடியில் மாப்பிள்ளையின் சீருடைச் சட்டை ஒன்று இருந்தது. துவைத்தது. நிலையத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. மகள் அதை மடியில் விரித்து, பாக்கெட்டின் மேல் விரலை வைத்தாள்.

“அம்மா.”

“ம்.”

“ஒம்பது மாசமா இந்தச் சட்டையை நீதான் துவைக்கிற. இங்க நாலுன்னு பெரிசா தைச்சிருக்கு. மூணாவது தடவை எழுதும்போதும் உனக்குத் தெரியாதாம்மா?”