வெறுங்குட்டை

விடிந்ததும் எங்கள் பண்ணையில் முதல் வேலை, இறால் தீவனத்தில் கஷாயம் பிசைவது. பழுப்புக் கடற்பாசியை வேகவைத்து வடித்த சாற்றுக்கு ஆய்வகத்தில் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். முத்துப்பேட்டைக் கரையில் அது கஷாயம்தான். அதைத் தின்ற இறாலின் உடம்பு எந்நேரமும் உஷாராக இருக்கும். வெண்புள்ளி நோயே வந்தாலும் தாக்குப்பிடித்துவிடும்.

தீவனம் தூவும் வான்தூவி, அதாவது எங்கள் ட்ரோன், கடைசிக் குட்டைக்கு மட்டும் வேறு மூட்டையிலிருந்து எடுத்துப் போடும். அதில் கஷாயம் கிடையாது. அதற்குப் பெயர் வெறுங்குட்டை. கரைச் சங்கத்தில் சீட்டுக் குலுக்கி, ஆண்டுக்கொரு பண்ணையில் ஒரு குட்டையை இப்படி விட்டுவைப்பார்கள். இந்த ஆண்டு எங்கள் தலையில் விழுந்தது.

ஏன் இந்தக் கொடுமை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கஷாயம் தின்ற இறால் சாகாது, சரி. ஆனால் நோயைச் சுமந்துகொண்டு சும்மா நீந்திக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது. தண்ணீரில் மிதக்கும் உணர்விக் கருவிகளுக்குப் பழைய கிருமிகளைத்தான் அடையாளம் தெரியும், உருமாறி வருவது அவற்றுக்கும் தெரியாது. வெறுங்குட்டை இறால் செத்தால்தான் நோய் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியும். உடனே கரை முழுக்க மதகுகளை அடைத்துவிடுவோம். நோய்த் தண்ணீர் வாய்க்கால் வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போகாது.

அன்று காலை வாய்க்காலில் நண்டுகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. வெறுங்குட்டை இறாலோ ஜோராகத் துள்ளிக்கொண்டிருந்தது. இதென்ன கூத்து? எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. குட்டைக்குள் இறக்கியிருந்த தீவனத் தட்டைத் தூக்கி, அதில் கிடந்த ஓர் இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கஷாயம் தின்னாத இறாலுக்கு முதுகில் ஓடும் குடல் கோடு வெளுப்பாக இருக்க வேண்டும். கரும்பழுப்பாக இருந்தது. கஷாயம் தின்ற குடல்.

என் கணவர் முத்தழகன் கரையில் உட்கார்ந்து, குட்டைக்குக் காற்றூட்டும் ஏரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதுக்குக் கஷாயம் யாரு போட்டா?"

துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. "நான்தான். மூட்டையிலயே கலந்துட்டேன்."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"மத்ததெல்லாம் நல்லா இருக்க, இது மட்டும் சாவட்டும்னு வேடிக்கை பாக்கச் சொல்றியா? என்னால முடியல, செங்கமலம்."

"அதுக்குத்தானேங்க வச்சிருக்கு. இப்ப நோய் எப்ப வந்துச்சுன்னே தெரியாம வாய்க்காலுக்குத் தொறந்து வுட்டுருக்கோம். நண்டெல்லாம் போச்சு."

கரையை ஒட்டிய வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் மகள் தென்றலை அவர் பார்த்தார். "அவளப் பாக்குறப்பல்லாம் எனக்கு இந்தக் குட்டைதான் ஞாபகம் வருது" என்றார்.

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மனிதருக்கும் கஷாயம் வந்து வெகுகாலமாகிறது. அதற்கும் இதே சட்டம்தான், ஆண்டுதோறும் ஊருக்கு ஒரு வெறும்வீடு; அந்த வீட்டில் யாருக்கும் கஷாயம் கிடையாது. அந்தச் சீட்டும் இந்த ஆண்டு எங்களுக்கே விழுந்தது. இரண்டும் ஒரே வீட்டில் விழுந்ததைச் சொல்லி ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சங்கத்துக்குச் சொல்லி மதகுகளை அடைக்க வைத்தேன். தலைவர் போனிலேயே கத்தித் தீர்த்தார். வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பிற்பகலில் சுகாதாரப் பணியாளர் ரஹீமா வந்தாள். மற்ற வீடுகளில் கஷாயத்தைக் கொடுத்துவிட்டு நகர்பவள், எங்கள் வீட்டில் மட்டும் உட்கார்ந்து தென்றலின் நாக்கு, கண், நெற்றிச் சூடு எல்லாம் பார்ப்பாள். அன்றும் பார்த்தாள். பிறகு தென்றலை விளையாட அனுப்பிவிட்டு, ஒரு சின்ன பாட்டிலை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"பாப்பாவுக்கு மட்டும் குடுங்கக்கா. யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், கேள்விதான் வந்தது.

"போன வருஷ வெறும்வீட்டுக்கும் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அதுக்கு முந்தி?"

ரஹீமா பையை மூடினாள். "எல்லா வீட்லயும் சின்னப் புள்ளைங்க இருக்குல்லக்கா. பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது? எனக்கு முந்தி இந்த வேலையில இருந்தவங்களும் குடுத்துக்கிட்டுதான் இருந்தாங்களாம்."

அப்படியென்றால் எங்கள் ஊரில் வெறும்வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்கள் ஊரில் காய்ச்சலே கிடையாது என்று எத்தனை பெருமை அடித்திருப்போம். எங்கள் உடம்புக்குள் என்னென்ன ஓடுகிறது, பேருந்து ஏறி எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. வாய்க்காலில் மல்லாந்து கிடந்த நண்டுகள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"வேணாம்னா குடுத்துடுங்கக்கா" என்று ரஹீமா கையை நீட்டினாள்.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் என் கணவரைத் திட்டியபோது சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"என்னம்மா அது?" என்று தென்றல் ஓடிவந்தாள்.

நான் மூடியைத் திருகித் திறந்தேன். "ஒண்ணுமில்லடி, வாயைத் தொற" என்றேன்.