பாத்துக் குடுங்க

தஹ்மீனாவின் வீட்டுக்குக் குத்தகை நெல் வந்தது. வங்காளத்திலிருந்து நடவு வேலைக்கு வந்த ஒருவர் மூட்டைகளைச் சுமந்து மாடியறையில் அடுக்கினார். நன்னிலத்தில் எல்லோரும் அவரை ‘இந்திக்காரர்’ என்றே கூப்பிட்டார்கள்.

“எவ்வளவுங்க?” என்று கேட்டார் அம்மா ஹலீமா.

“பாத்துக் குடுங்க அக்கா.”

அம்மா முந்நூறு ரூபாய் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

“போன வாரம் இதே வேலைக்கு ரெத்தினம் மாமாவுக்கு ஐநூறு குடுத்தியேம்மா?” என்றாள் தஹ்மீனா.

“அவரு கேட்டாரு. இவரு கேக்கலையே.”

தஹ்மீனா யோசித்தாள். ரெத்தினமும் முதலில் “பாத்துக் குடுங்க” என்றுதான் சொன்னார். ஆனால் அம்மா முந்நூறை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “என்னக்கா இது, மூட்டை ஒவ்வொண்ணும் எருமை கனம் கனக்குது” என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கியது.

அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே போனாள்.

“அண்ணே, பாத்துக் குடுங்கன்னு சொல்லிட்டு உடனே கை நீட்டக் கூடாது.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க. நானும் சொல்லுது.”

“சொல்லிட்டு, அப்புறம் பேசணும்.”

அவர் தண்ணீரைக் குடித்தார்.

“எங்க ஊர் சந்தையில நான் நல்லா பேசும் பாப்பா. ஒரு மீன் வாங்க அரை மணி பேசும். மீன்காரம்மா திட்டும். சிரிக்கும். அப்புறம் குடுக்கும்.” சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். “இங்க யார்கிட்டயும் அப்படிப் பேசல.”

தஹ்மீனா ஒரு வேப்பிலையை நீட்டினாள். “இதான் முந்நூறு.”

அவர் வாங்கிக்கொண்டார்.

“வாங்கிட்டீங்களே.”

இன்னோர் இலையை நீட்டினாள். இந்த முறை கை பின்னால் போனது.

“மூட்டை... எருமை,” என்றார்.

“அது போதும்.”

மறுநாள் அடுத்த வண்டி வந்தது. மூட்டைகளை அடுக்கி முடித்ததும் அம்மா முந்நூறை நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்ன அக்கா இது. மூட்டை ஒவ்வொண்ணும் எருமை.”

அம்மா ஒரு கணம் திகைத்தார். “எருமையா? கன்னுக்குட்டி. முந்நூத்தம்பது.”

“கன்னுக்குட்டி இல்ல. ரெண்டு எருமை.”

“சரி, நானூறு.”

“மாடிப்படி இருக்கு அக்கா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐநூறு கைமாறியது.

“பேரு என்ன தம்பி?”

“சுபல்.”

“உக்காருங்க சுபல் தம்பி, டீ போடுறேன். நாளைக்கும் வண்டி வருது. நீங்களே வாங்க. இதே ஐநூறுதான்.”

“அத நாளைக்குப் பேசுவோம் அக்கா,” என்றார் சுபல்.

இதைத் தஹ்மீனா சொல்லிக்கொடுக்கவில்லை.