ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்

மெக்கானிக் மைதீன் பிச்சை கையைத் துடைக்காமல் மேற்பார்வையாளர் அறைக்குள் வந்து நின்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படி வந்ததே இல்லை. வெங்கடபதி பேனாவை மூடி வைத்தார்.

"என்னை சஸ்பெண்ட் பண்றாங்களாமுங்க. ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருக்குதுங்க."

காலை எட்டு மணிக்கு மூன்றாம் நம்பர் தண்ணீர் லாரி மேட்டுத் தெரு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடி, ரோட்டோரம் பெருக்கிக்கொண்டிருந்த சென்னியம்மாளின் காலில் ஏறிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அந்த லாரிக்குப் பிரேக் வேலை பார்த்தவர் மைதீன் பிச்சை. சனிக்கிழமைதான் பார்த்திருந்தார்.

"பழைய ரப்பரையே திரும்பப் போட்டுட்டு, புதுசை வெளிய வித்துப்போட்டேன்னு ஏ.ஈ. எழுதியிருக்காருங்க. எம் பொண்டாட்டி ரம்லாகிட்ட இதை எந்த வாயால சொல்லுவேன்?"

"உக்காருங்க பாய்."

வெங்கடபதிக்கு ஐம்பத்தாறு வயது. மாநகராட்சிப் பணிமனையின் நாற்பத்தொரு வண்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றில் பதினான்கு எப்போதும் பழுதாகிக் கட்டையின் மேல் நின்றன. மழை பொய்த்த அந்த 1993 கோடையில் மிச்ச வண்டிகளும் ஞாயிறு தவிர இரவு பகலாகத் தண்ணீர் சுமந்தன. அவர் தூங்கி எழுந்தாலும் அலுப்புப் போவதில்லை. நான்கு மணிக்குள் தன் குறிப்புக்குக் கீழே வெங்கடபதியும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஏ.ஈ.யான உதவிப் பொறியாளர் கிருபாசங்கர் சொல்லி அனுப்பியிருந்தார். போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மைதீன் பிச்சையின் முகத்தைப் பார்த்தபோது அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

ஸ்டோர் கிளார்க் சாஜிதா பேகம் ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகில் காத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஒரு நட்டு குறைந்தாலும் பணிமனை முழுக்கத் தேடுகிறவள்.

"சார், பாய் புது ரப்பர் செட்டு வாங்குறப்பவே பழசைத் திருப்பிக் கொடுத்துட்டாருங்க. என்ற பீரோவுல இருக்குது. அப்புறம் பழசை எப்படிங்க போட்டிருக்க முடியும்?"

"வா அம்மணி, வண்டியைப் பார்க்கலாம்."

இழுத்து வந்து நிறுத்தியிருந்த லாரியின் பக்கத்தில், கழற்றிய பாகங்கள் ஒரு சாக்கின் மேல் கிடந்தன. வெங்கடபதி குந்தி உட்கார்ந்து, பிரேக் சிலிண்டரின் ரப்பரை விரலால் அழுத்தினார். ஊறிய சுண்டல் மாதிரி உப்பியிருந்தது.

"பழைய ரப்பர்னா காய்ஞ்சு வெடிச்சிருக்கும். இது உப்பி இளகிக் கெடக்குது. புது ரப்பர்தான். அதுக்கு ஒவ்வாத எதையோ குடிச்சிருக்குது. ரெண்டு டம்ளர்ல தண்ணி கொண்டா. ஸ்டோர்ல இருந்து ஒரு புது பிரேக் ஆயில் டின்னும்."

சாஜிதா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். முதல் டம்ளரில் டின்னிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கலக்கினார். ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போயிற்று. இரண்டாவதில், லாரியின் பிரேக் ஆயில் டப்பாவில் இருந்ததை ஊற்றினார். எவ்வளவு கலக்கியும் மேலே ஒரு படலம் மிதந்தது.

"வேற எண்ணெய் கலந்திருக்குது!" என்றாள் சாஜிதா.

"சனிக்கிழமை நான் ஊத்துனது புது டின்னுங்க," என்றார் மைதீன் பிச்சை. "வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் உட்டேன்."

வெங்கடபதி டப்பாவின் அடியில் விரலை விட்டு எடுத்தார். நகத்தில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது.

"பஞ்சுங்க. நாம கை தொடைக்கிற பனியன் வேஸ்ட்டா இருக்குமுங்களா?" என்றாள் சாஜிதா.

"அது நூல் நூலா வரும். இது தூசி மாதிரி இருக்குது பார்." அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு லாரியில் ஏறி, கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து வாசித்தார். "முப்பத்தோராயிரத்து ஐந்நூத்திப் பதினாலு. சனிக்கிழமை ஜாப் கார்டுல என்ன எழுதினீங்க பாய்?"

"முப்பத்தோராயிரத்து நானூத்தி ஆறுங்க."

சாஜிதா வண்டியின் லாக் புத்தகத்தைப் புரட்டினாள். "திங்கக்கிழமை ஆறு நடை, இன்னிக்கு ரெண்டு. நடைக்கு ஏழு கிலோமீட்டர்." சற்று நின்றாள். "ஆனா மீட்டர் எண்ணே எழுதலைங்க. திங்கக்கிழமையில இருந்து 'மீட்டர் வேலை செய்யவில்லை'ன்னு எழுதியிருக்காருங்க டிரைவர்."

"வேலை செய்யாத மீட்டர் சனிக்கிழமைக்கப்புறம் நூத்தியெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்குது," என்றார் வெங்கடபதி.

சாஜிதா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "எட்டு நடைக்கு அம்பத்தாறு. மிச்சம் அம்பத்திரண்டுங்க!"

டிரைவர் நஞ்சுண்டன் வேப்ப மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தற்காலிக ஆள், முப்பது வயது இருக்கும். வெங்கடபதி அவன் பக்கத்தில் அமர்ந்து மெல்லக் கேட்டார்.

"சனிக்கிழமை வேலை முடிச்சு எடுத்தப்போ பிரேக் எப்படி இருந்துது கண்ணு?"

"நல்லா இருந்துதுங்க. ஷெட்டுல நிறுத்திட்டுப் போனேனுங்க. ஞாயித்துக்கிழமை வண்டி நகரவே இல்லீங்க."

"சரி. நாலு மணிக்கு என்ற ரூமுக்கு வந்துரு."

திரும்பும் வழியில் சாஜிதா குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமையைப் பத்தி நாம கேக்கவே இல்லீங்களே சார்."

"கேக்கலை."

அறைக்குள் வந்ததும் வெங்கடபதி கேட் ரிஜிஸ்டரை எடுத்தார். ஞாயிறு பக்கத்தில், 'வண்டி எதுவும் வெளியே போகவில்லை' என்று காவலாளி எழுதியிருந்தான். அதற்குக் கீழே திங்கள் தேதியிட்டு வெங்கடபதியின் கையெழுத்து. அவர் பின்னோக்கிப் புரட்டினார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதே வரி, அதே கையெழுத்து. ஒன்றையாவது வாசித்த நினைவு இல்லை.

சாஜிதா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அழைப்புப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ.ஈ.யின் மச்சான் வீட்டுப் புதுமனைப் புண்ணியார்ச்சனை. அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அவள் தேதியைப் படித்தாள்: அந்த ஞாயிற்றுக்கிழமை. ஊரைப் படித்தாள். சடாரென்று நிமிர்ந்தாள்.

"சோமனூருங்க சார்!"

"போக வர எவ்வளவு இருக்கும்?"

"அம்பது, அம்பத்திரண்டு..."

"நாலு மணிக்கு ஏ.ஈ.யையும் வரச் சொல்லி போன் பண்ணு."

நான்கு மணிக்கு அந்தச் சின்ன அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கிருபாசங்கர் மட்டும் உட்காரவில்லை.

"கையெழுத்து ஆச்சுங்களா? கமிஷனர் காத்துக்கிட்டிருக்காருங்க."

"ஒரு பத்து நிமிஷமுங்க சார்." வெங்கடபதியின் குரல் உயரவில்லை. "பாய் போட்டது புது ரப்பர். பழசு ஸ்டோர்ல இருக்குது. ரப்பர் கெட்டது வேற எண்ணெயால. அது நம்ம ஷெட்டு எண்ணெயில்லைங்க, தறிக்கு ஊத்துற எண்ணெய். பார்வைக்கு பிரேக் ஆயில் மாதிரியே வெளுப்பா இருக்கும். அதுல தறிப் பட்டறைப் பஞ்சுத் தூசி கெடந்துது. எனக்குப் பொண்ணு எடுத்த ஊர் சோமனூருங்க. அந்த வாசம் எனக்குத் தெரியும்."

அவர் லாக் புத்தகத்தை விரித்து வைத்தார்.

"சனிக்கிழமைக்கும் இன்னிக்கும் நடுவுல வண்டி அம்பத்திரண்டு கிலோமீட்டர் கூட ஓடியிருக்குது. அதை மறைக்கத்தான் லாக் புத்தகத்துல மீட்டர் ஓடலைன்னு எழுதினது. ஞாயித்துக்கிழமை சோமனூர்ல, பக்கத்துலயே தறிப் பட்டறை இருக்கற ஒரு ஊட்டுல விசேஷம். தண்ணி பத்தலை. சரிதானா நஞ்சுண்டா?"

நஞ்சுண்டன் உடைந்து போனான். "ஏ.ஈ. சார்தானுங்க போகச் சொன்னாரு. வேலையை நிரந்தரம் பண்ணித் தர்றேன்னாருங்க. காவலாளிகிட்டயும் அவரே சொல்லிட்டாருங்க. கல்லு ரோட்டுல அடிபட்டு பிரேக் பைப்பு கசிஞ்சுபோச்சுங்க. நட்டை முறுக்கிப்போட்டேன். ஆயில் கொறைஞ்சிருந்துது. ஞாயித்துக்கிழமை ஒரு கடை இல்லீங்க. பட்டறையில இருந்த டின்னை எடுத்து ஊத்திப்போட்டேனுங்க. எண்ணெய்க்கு எண்ணெய்தானேன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாதுங்க."

"எண்ணெய் ஊத்தினது உங்களுக்குத் தெரியாதுங்க சார்," என்று வெங்கடபதி கிருபாசங்கரைப் பார்த்தார். "வண்டி போனது தெரியும். யாராவது நோண்டினா அது வெளிய வந்துருமேன்னு பயந்து, விசாரிக்கறதுக்கு முன்னாலயே பாய் மேல எழுதிட்டீங்க."

கிருபாசங்கரின் முகம் சிவந்தது. மேஜையில் இருந்த கேட் ரிஜிஸ்டரை விரலால் தட்டினார். "வண்டி போகலைன்னு இருக்கற பக்கத்துல கையெழுத்து யாருதுங்க? உங்களுதுதான?"

"என்றதுதானுங்க. வருசக்கணக்காப் பார்க்காமப் போட்டிருக்கேன். அதையும் எழுதியாச்சு." மூன்று பக்க அறிக்கையை அவர் முன்னால் தள்ளினார். "கமிஷனருக்கு ஒரு காப்பி மத்தியானமே போயிருச்சுங்க."

கிருபாசங்கர் அறிக்கையைத் தொடாமல் வெளியேறினார். மைதீன் பிச்சை வெங்கடபதியின் கையை இறுகப் பிடித்துவிட்டு, வேலைக்குத் திரும்பினார். சாஜிதாவின் கண்கள் பளபளத்தன.

"ஜெயிச்சுட்டோம் சார்!"

"சென்னியம்மா கால் போனது போனதுதான அம்மணி," என்றார் அவர்.

அந்த வாரமே கிருபாசங்கருக்கு மாற்றல் வந்தது. நஞ்சுண்டனுக்கு வேலை போயிற்று. வெங்கடபதிக்கு மெமோ வந்தது. விளக்கம் என்று எதையும் எழுதாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு பதில் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சென்னியம்மாளுக்கு இடது பாதத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் கட்டிலருகில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அப்போ, நீங்க பார்க்காமக் கையெழுத்துப் போட்டீங்களாக்கும்?"

"ஆமாங்க அம்மணி."

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பேப்பர்ல எம் பேரைச் சரியா எழுதினீங்களா? ஒருக்கா ஆபீசுல சென்னம்மாள்னு தப்பா எழுதிப்போட்டு, ஆறு மாசம் அலைய உட்டாங்க. இப்ப என்னால நடக்க முடியாதுங்க."

வெங்கடபதி பைக்குள் இருந்து கார்பன் பிரதியை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் பெயர் இருந்த வரியைத் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் அவள் பெயர் வந்தது. சென்னியம்மாள். சரியாகத்தான் இருந்தது.

"நிறுத்தாதீங்க," என்றாள் அவள். "முழுசும் படிங்க."

அவர் படித்தார்.