எட்டு நாற்பதுக்கு மாறிய லைசென்ஸ்

காலை 9.10. திரையில் இருந்ததை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

இதயத் துடிப்பின் கோளாறைக் கண்டுபிடிக்கும் அந்த சாஃப்ட்வேர் அவளுடைய ஆறு வருஷ உழைப்பு. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மாற்றி விற்கிறவர்கள் தங்கள் மாற்றத்தையும் ஊரறிய வெளியிட வேண்டும். சின்ன மருத்துவமனைக்குக் கதவு திறந்திருக்கும், பெரிய கம்பெனி வாரிச் சுருட்டவும் முடியாது. அப்படியொரு லைசென்ஸைத் தேர்ந்தெடுக்க அவளும் அண்ணனும் கணவரும் மூன்று மாதம் மல்லுக்கட்டியிருந்தார்கள்.

திரையிலோ வேறு லைசென்ஸ். 'எப்படியும் எடுத்துக்கொள்ளலாம்; எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.' கீழே உரிமையாளராக அவள் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. வெளியான நேரம் 8.40. அதற்குள் பதினேழு பேர் பிரதி எடுத்துவிட்டார்கள்.

திரையைப் படம்பிடித்துத் தன் வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டு, இனி யாரும் எடுக்காதபடி பக்கத்தை மூடினாள். கடவுச்சொல் தெரிந்த மற்றவர்கள் இரண்டே பேர். அண்ணனும் கணவரும். கணவர் காலையிலிருந்து அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.

10.05. வக்கீலம்மா வந்தார். கணவரின் இனிஷியலோடு அவள் பெயர் பொறித்த வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"எட்டு நாப்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"ரூம்ல. தனியா," என்றார் கணவர்.

"சாட்சி?"

"இல்ல."

அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க?"

"பஸ்ல," என்றான் அண்ணன்.

"புகார் எழுதணும். உரிமையாளர் பேரை ஆளுக்கொரு தாள்ல எழுதிக் குடுங்க."

இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்த வக்கீலம்மா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"புது லைசென்ஸ்ல பேருக்குக் காலி இடம் இருக்கும். மாத்தினவர்தான் அதை நிரப்பணும். கல்யாணமாகி எட்டு வருஷமா இந்த ஆபீஸ்ல எல்லாத்துலயும் புருஷன் இனிஷியல்தான். உங்க கைக்கு மட்டும் அவங்க இன்னும் உங்கப்பா பொண்ணு. அந்த லைசென்ஸ்லயும் அப்பா இனிஷியல்தான் இருந்துச்சு. இந்தத் தாள்லயும் அப்படித்தான் இருக்கு."

அண்ணன் அவளைப் பார்க்காமல் சொன்னான்: "இதைக் கேட்டுக்கிட்டிருந்த ஒரு பெரிய கம்பெனியில நல்ல வேலை தரேன்னாங்க... எப்படியும் இவ சும்மாதானே குடுக்கப்போறான்னு..."

"உரிமையாளர் சம்மதிக்காத லைசென்ஸ் செல்லாதும்மா," என்றார் வக்கீலம்மா அவளிடம். "பதினேழு பேருக்கும் இன்னைக்கே நோட்டீஸ் போகும். எத்தனை பேர் மதிப்பாங்கன்னுதான் தெரியல."

எல்லோரும் போனபின் கணவர் மெல்லக் கேட்டார்: "நான்தான்னு நெனச்சியா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் எழுந்து அறைக்குள் போனார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. ஆனாலும் உள்ளே போக அவளுக்குப் பயமாக இருந்தது.