அம்மாவின் கட்டங்கள்

சுட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர் உண்டு. அதை வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் வாசிப்பதோடு சரி. ஓரிடத்தில் ஒரு நிமிடம் நிற்காத பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? வீட்டிலும் தெருவிலும் அவள் சுட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவள் அசையாமல் உட்காருவாள். செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் புதிர் வரும் நாள் அது. சமையலறை மேசையில் தாளை விரித்துவிட்டு அவளும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். இடமிருந்து வலமாகப் போகும் சொற்கள் அம்மாவுக்கு. மேலிருந்து கீழே இறங்கும் சொற்கள் சுட்டிக்கு. ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. தலை வெடித்தாலும் கூடாது!

அம்மா இறந்து பதினோரு வாரம் ஆகிவிட்டது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அந்தப் பதினோரு ஞாயிறும் சுட்டி புதிர் போட்டாள். தன் சொற்களை மட்டும் எழுதினாள். அம்மாவின் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டாள். விடை நன்றாகத் தெரிந்தபோதும் எழுதவில்லை. அதை எழுதிவிட்டால் அம்மா இனி வரவே மாட்டாள் என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நின்றுபோன எந்த எஞ்சினையும் ஓடவைத்துவிடுவார். ஆனால் அவருக்கும் குறுக்கெழுத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

பன்னிரண்டாவது ஞாயிறு. புதிர் முழுக்க இணையத்தைப் பற்றியது என்று பார்த்ததுமே சுட்டிக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. வீடு வீடாகப் போய் இணைய இணைப்பு கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. கையில் ஏணி, தோளில் கம்பிச் சுருள். இந்தப் புதிர் கிடைத்திருந்தால் விசில் அடித்துக்கொண்டே முடித்திருப்பாள்.

சுட்டி பென்சிலை எடுத்தாள்.

‘ஏறாமலே இறங்கும்; கைபேசிக்குள் வந்து உட்காரும். ஏழு எழுத்து.’ பதிவிறக்கம். எழுதினாள்.

அடுத்தது: ‘குறும்புக்காரப் பிள்ளை, கையில் பிடித்து நகர்த்தினால் திரையில் அம்பு ஓடும். மூன்று எழுத்து.’

சுட்டி துள்ளி எழுந்தாள். “அம்மா! அம்மா! இங்க பாரேன், என் பேரு வந்திருக்கு!”

எதிர் நாற்காலியில் யாரும் இல்லை.

பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது. சுட்டி பென்சிலைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் நின்று அழுது தீர்த்தாள்.

அவள் இறங்கி வந்தபோது அப்பா மேசைமேல் குனிந்திருந்தார். கையில் அவளுடைய பென்சில். நெற்றியெல்லாம் வியர்வை.

“என்னப்பா பண்றீங்க?”

“ஒண்ணுமில்லடா... சும்மா...”

சுட்டி தாளைப் பிடுங்கினாள். அம்மாவின் கட்டங்களில் கோணல்மாணலாக எழுத்துகள்!

“இது அம்மாவோட கட்டம்! உங்கள யாரு எழுதச் சொன்னது? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!”

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. “தப்புதான்டா சுட்டிம்மா. பென்சில்லதான் எழுதினேன். அழிச்சிடலாம்” என்றார். பிறகு போய், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

சுட்டி ரப்பரை எடுத்து வரக் வரக்கென்று அழித்தாள்.

‘எலிக்கு வைத்ததல்ல, தகவலுக்கு வைத்த பொறி. நான்கு எழுத்து.’ தேடுபொறி என்பது யாருக்கும் தெரியும். அப்பா ‘எலிப்பொறி’ என்று எழுதியிருந்தார். நான்கு கட்டத்துக்குள் ஐந்து எழுத்தைத் திணித்து வைத்திருந்தார். அழித்தாள்.

‘வாய்விட்டுச் சொல்லக் கூடாத சொல். ஆறு எழுத்து.’ கடவுச்சொல். அப்பா எழுதியிருந்தது: ‘கெட்ட வார்த்தை’. சுட்டிக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதையும் அழித்தாள்.

அடுத்தது நடுவில் இருந்தது. ‘கண்ணுக்குத் தெரியாது. வீடெங்கும் இருக்கும். இல்லாமல் போனால்தான் அருமை தெரியும். நான்கு எழுத்து.’

இணையம். படித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழுதிய ‘பதிவிறக்கம்’ வந்து முடியும் ‘ம்’தான் இதற்கும் கடைசி எழுத்து.

அந்த ‘ம்’முக்கு முன்னால் இருந்த மூன்று கட்டங்களிலும் அப்பா நிதானமாக, அழகாக எழுதியிருந்தார். த. ங். க.

தங்கம்.

அம்மாவை அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். பணிமனையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “தங்கம்!” என்று கூப்பிடுவார். பன்னிரண்டு வாரமாக அந்தக் குரல் இந்த வீட்டில் கேட்கவில்லை. அது சுட்டிக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு அழ அவளுக்காவது மொட்டைமாடி இருந்தது. அப்பா எங்கே போய் அழுதாரோ?

அவள் ரப்பரைக் கீழே வைத்தாள்.

“அப்பா.”

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சுட்டி போய்க் குழாயை மூடினாள். அவருடைய ஈரக் கையைப் பிடித்து இழுத்து வந்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தாள். அம்மாவின் நாற்காலி அது.

“எனக்கு இதெல்லாம் வராதுடா” என்றார் அப்பா. கண் சிவந்திருந்தது.

“வரும். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்துதான், திணிக்கக் கூடாது. குறுக்கே போறதெல்லாம் இனிமே உங்களோடது. நான் கை வைக்க மாட்டேன்.”

“உங்க அம்மாவோடதாச்சே?”

சுட்டி பென்சிலை நீட்டினாள். “அம்மாவோடதுதான். அதான் உங்ககிட்ட தர்றேன்.”

அப்பா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை வாங்கினார். “ஆமா, நான் போட்டதுல ஒண்ணாவது சரியா இருந்துதா?”

சுட்டி நடுக் கட்டங்களைப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு சரிப்பா” என்றாள்.

எது என்று அவர் கேட்கவில்லை.