துடைபடாதவை

கணினி நிரலில் துடைக்கும் வரி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, பந்துதான் துடைபடவில்லை. திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை சிவப்பு வட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசைகட்டி நின்றன.

"நான் பந்துதான் டீச்சர் வரைஞ்சேன். அதுவா கம்பளிப்பூச்சி ஆயிடுச்சு," என்றார் தையற்காரர். தொடக்க நிலை நிரல் வகுப்பில் வயதால் மூத்தவர் அவர், வாய்த்துடுக்கிலும் மூத்தவர்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பந்து நகரவே இல்லைங்க. பழசைத் துடைச்சிட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதுசா வரையறோம், அவ்வளவுதான். துடைக்கலேன்னா பழசு அங்கேயே நிக்கும். எத்தனை தடவை சொல்றது?"

"அந்த வரியை நீங்கதான டீச்சர் எழுதிக் குடுத்தீங்க?"

உண்மைதான். அதுதான் ஆசிரியைக்கு எரிச்சலை மூட்டியது. அவர் சிரித்துக்கொண்டே விடைபெற்றுப் போனார்.

"அம்மா, போலாமா?" கீழ்த்தள வரவேற்பறையிலிருந்து மகள் கத்தினாள்.

"இதோ வரேன்டி. மேல வராத, அங்கேயே உக்காரு!"

அந்த வரியை அழித்து மீண்டும் எழுதினாள். கம்பளிப்பூச்சியே வந்தது. அடுத்த கணினிக்குப் போனாள். அதிலும் அதே வால். சன்னலோரக் கணினிக்கு, கரும்பலகைக்கு, மீண்டும் முதல் வரிசைக்கு என்று பல்லைக் கடித்தபடி அவள் அலைந்துகொண்டிருக்க, வெளியே அந்தி மங்கியது. சூடேறிய இயந்திரங்களின் வாடையும் ஈரச் சுண்ணக்கட்டியின் வாடையும் கலந்து அறையில் தேங்கின. மின்விசிறியின் கிறீச்சொலி வரவர நெருக்கமாக, தன் பிடரிக்குப் பின்னாலேயே கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. பொறுமை இழந்து எதிரிலிருந்த கணினியை அணைத்தாள்.

திரை கறுத்தது. அந்தக் கறுப்பில், அவளுக்குப் பின்னால், தையற்காரரின் கணினிமேல் யாரோ குனிந்திருந்தார்கள்.

"மறுபடி என்னங்க வந்துட்டீங்க?"

திரும்பினாள்.

குனிந்திருந்தது அவள்தான். அதே சேலை. அதே கொண்டை. கடித்த பல் கடித்தபடி. சன்னலோரம் ஒருத்தி. கரும்பலகையருகே ஒருத்தி, சுண்ணக்கட்டியை உயர்த்தியபடி. நாற்காலிகளுக்கிடையே நெருக்கியடித்துக்கொண்டு, அவள் நடந்த வழியெல்லாம் அவள். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

வாயைப் பொத்தக் கையை உயர்த்தினாள். உயர்ந்த வழியெங்கும் கைகள். இடுப்பருகே ஒன்று. மார்பருகே ஒன்று. தொண்டையருகே ஒன்று.

அசையக் கூடாது.

மாடிப்படியில் காலடி ஓசை.

"அம்மா, நானே வரேன்!"

"வராதடி! அசையாத! அப்படியே நில்லு!"

ஓசை நின்றது.

திறந்திருந்த கதவுக்கு அப்பால் படிக்கட்டு தெரிந்தது. கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை மகள்கள். தூக்கிய கால். கைப்பிடியில் கை. திறந்த வாய். ஒவ்வொருத்தியும் அம்மாவையே பார்த்துக்கொண்டு.

"ஏம்மா?"

குரல் கேட்டது. ஒரு வாயும் அசையவில்லை.